எலிப்பொறியும் வினைமுற்றும்: ஒரு மர்ம நாடகத்தின் மறைப்பு மொழி

1. முன்னுரை

மர்மப் புனைவு என்பது செய்தியைப் பங்கிட்டுத் தரும் கலை. எதைச் சொல்வது என்பதைக் காட்டிலும் எதை, எவ்வளவு காலம், எந்த மொழிக்கூறின் துணைகொண்டு சொல்லாமல் வைப்பது என்பதே அதன் ஆசிரியர் எதிர்கொள்ளும் முதன்மையான வினா. ஒரு மொழியின் இலக்கணம் மறைக்க இடந்தருவதை வேறொரு மொழியின் இலக்கணம் வெளிப்படுத்தியே தீரும் என்றால், அப்புனைவை மொழிபெயர்ப்பவர் கதையின் உயிர்நிலையிலேயே கைவைக்க நேர்கிறது. சொல்வளம், நடை, பண்பாட்டுக் கூறு ஆகியவை பற்றிப் பேசும் அளவிற்கு மொழிபெயர்ப்பாய்வுகள் இலக்கணக் கட்டாயம் பற்றிப் பேசுவதில்லை. மர்மப் புனைவு பொழுதுபோக்கு இலக்கியம் என ஒதுக்கப்படுவதால் அது எழுப்பும் மொழியியற் சிக்கல்களும் உடன் ஒதுக்கப்படுகின்றன.

அகதா கிறிஸ்டியின் ‘மௌஸ்டிராப்’ (எலிப்பொறி) என்னும் நாடகத்தைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. நாட்டுப்புறத்தில் தனித்து நிற்கும் விருந்தினர் விடுதியொன்றில் பனியால் அடைபட்டுப்போன சிலருக்குள் கொலையாளி ஒருவர் இருப்பதே நாடகத்தின் கரு. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டுவது. உயர்வு ஒருமையும் அதில் வெளிப்படும். இத்தகைய வினைமுற்றுகளைக் கொண்டு இந்நாடகத்தின் மறைப்பைக் காப்பாற்ற இயலுமா என்பது கட்டுரையின் முதல் வினா. காப்பாற்றும் முயற்சியில் நாடகம் உண்மையில் எதைப் பற்றியது என்பது காணாமற் போய்விடாதா என்பது இரண்டாவது வினா.

ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் கொலையாளி யார் என்பதை வெளியே சொல்ல வேண்டாமென்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது இந்நாடக மேடையின் மரபு. அம்மரபை இக்கட்டுரையும் கடைப்பிடிக்கிறது. எடுத்துக்காட்டாகத் தரப்படும் தமிழ்த் தொடர்கள் மொழிக்கூறுகளை விளக்க அமைத்துக்கொண்டவை. நாடகப் பகுதிகளின் மொழிபெயர்ப்புகள் அல்ல.

2. நாடகமும் அதன் பின்புலமும்

இந்நாடகம் முதலில் வானொலிக்காக எழுதப்பட்டது. அரசியார் மேரியின் எண்பதாம் பிறந்தநாளை ஒட்டி 1947 மே 30 அன்று பி.பி.சி. ‘மூன்று குருட்டு எலிகள்’ என்னும் பெயரில் அரைமணி நேர வானொலி நாடகமாக இதனை ஒலிபரப்பியது. பின்னர் கிறிஸ்டி இதனை நெடுங்கதையாக்கினார். அமெரிக்காவில் 1950இல் அது நூலுருப் பெற்றது. பிரிட்டனில் நாடகம் நடந்துகொண்டிருக்கும் வரை கதை அச்சேறக் கூடாது என்பது ஆசிரியர் விருப்பமாயிற்று. முழு நாடகமாக விரிந்து, பெயரும் மாறி, 1952 அக்டோபரில் நாட்டிங்காமில் முதன்முதல் மேடையேறியது. அவ்வாண்டு நவம்பர் 25 முதல் லண்டன் ஆம்பசடர்ஸ் அரங்கிலும், 1974 முதல் அதனை அடுத்துள்ள செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்கிலும் நடைபெற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சில் நின்று, 2021 மே மாதத்தில் மீண்டும் தொடங்கியது. 28,000 காட்சிகளுக்கு மேல் கண்ட நாடகம் இது. பிற்காலத்தில் ‘காந்தி’ திரைப்படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ, லண்டன் மேடையில் சார்ஜண்ட் டிராட்டராக முதலில் நடித்தவர்.

கதை எளியது. மணமாகி ஓராண்டே ஆன மோலியும் ஜைல்ஸும், மோலிக்கு உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற மாங்ஸ்வெல் மேனர் என்னும் பழைய பெருமனையை விருந்தினர் விடுதியாக நடத்தத் தொடங்குகின்றனர். விந்தையான போக்குடைய இளைஞர் கிறிஸ்டோபர் ரென், குறை காண்பதையே இயல்பாகக் கொண்ட திருமதி பாயில், மேஜர் மெட்காஃப், ஆண்மைச் சாயல் கொண்ட செல்வி கேஸ்வெல், பனியில் கார் கவிழ்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு அழையாமல் வந்து சேரும் திரு. பாராவிசினி ஆகியோர் விருந்தினர்கள். லண்டனில் கல்வர் தெருவில் நடந்த ஒரு பெண்ணின் கொலை பற்றி வானொலி அறிவிக்கிறது. அக்கொலைக்கும் இவ்வீட்டுக்கும் தொடர்பிருப்பதாகக் கூறிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்து சேர்கிறார் சார்ஜண்ட் டிராட்டர். தொலைபேசி ஓய்கிறது. முதல் அங்கம் ஒரு கொலையோடு முடிகிறது.

இவையனைத்துக்கும் அடியில் வேறொரு வீடு இருக்கிறது. லாங்ரிட்ஜ் பண்ணை என்னும் அவ்விடத்திற்கு, பாதுகாப்புத் தேவைப்பட்ட மூன்று உடன்பிறப்புகள் பல ஆண்டுகளுக்கு முன் அனுப்பப்பட்டனர். கொடுமைக்கு ஆளாகி அவர்களுள் ஒரு சிறுவன் இறந்தான். இப்பகுதி முற்றிலும் கற்பனையன்று. வேல்ஸின் நியூபோர்ட்டைச் சேர்ந்த டென்னிஸ் ஓநீல் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஷ்ராப்ஷயர்ப் பண்ணையொன்றில் வளர்ப்புக்கு விடப்பட்டு, பட்டினியாலும் அடியாலும் நலிந்து 1945 ஜனவரி 9 அன்று இறந்தான். அச்சாவு நாட்டை உலுக்கியது. அது பற்றி வால்டர் மாங்க்டன் தலைமையில் விசாரணை நடந்தது. பெற்றோர் பராமரிப்பில் இல்லாத பிள்ளைகளுக்கான ஏற்பாடுகளைச் சீர்திருத்திய 1948ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்திற்கு வழிகோலிய நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று. கிறிஸ்டியின் நாடகத்திற்கு இந்நிகழ்வு தூண்டுகோலாயிற்று.

3. மூன்று ஊடகம், மூவகை மறைப்பு

ஒரே கதை வானொலி, அச்சு, மேடை ஆகிய மூன்று ஊடகங்களில் இயங்கியிருப்பது மறைப்பின் இயல்பை ஒப்பிட வாய்ப்பளிக்கிறது. வானொலியில் உருவம் இல்லை. குரல் மட்டும் உண்டு. எனவே அங்கே காக்கப்பட வேண்டியது குரலின் அடையாளம். அச்சில் குரலும் இல்லை, உருவமும் இல்லை. அடையாளத்தைக் காட்டவும் மறைக்கவும் சொல் ஒன்றே கருவி. மேடையில் குரலும் உருவமும் கண்முன்னே இருப்பதால் மறைப்பதற்கு இருள் தேவைப்படுகிறது. நாடகம் இருளில்தான் தொடங்குகிறது. குழந்தைப் பாட்டின் மெட்டு, ஓர் அலறல், காவலர் ஊதல் ஆகியவற்றுக்குப் பின்னரே ஒளி பரவுகிறது.

ஒளி பரவிய பிறகு நாடகம் கையாளும் உத்தி ஆடை. கறுப்பு மேலங்கி, வெளிர்நிறக் கழுத்துத்துணி, மென்மையான தொப்பி என்று வானொலி தரும் அடையாளங்கள் வந்துசேர்வோர் ஒருவர்க்கு மேற்பட்டவரிடம் பொருந்துகின்றன. அடையாளம் சொல்லப்பட்டும் அடையாளம் காண முடியாமற் போகிறது. ஒரு சொல் பல பொருளைச் சுட்டக்கூடியதாய் நிற்கும் நிலைக்கு இணையான மேடை உத்தி இது.

மேடையேற்றத்திற்காக மட்டும் நாடகத்தைத் தமிழாக்குவதாயின், நடிகர்களின் உருவமே பாலை உணர்த்திவிடும். ஆனால் மேடையில் இல்லாத ஒருவரை, அதாவது ‘கொலை செய்த அந்த ஒருவரை’ப் பற்றிப் பாத்திரங்கள் ஓயாமல் பேசுகின்றனர். அந்த ஒருவர் மேடையில் இருப்பவருள் ஒருவரே. இல்லாதவர் போலச் சுட்டப்படும் ஆளும், கண்முன் இருக்கும் ஆளும் ஒருவரே என்பது முடிவுவரை மறைந்திருக்க வேண்டும். இங்கேதான் வினைமுற்று குறுக்கிடுகிறது.

4. வினைமுற்றின் சாட்சியம்

ஆங்கிலத்தில் இறந்தகால வினைவடிவம் எழுவாய்க்கேற்ப மாறுவதில்லை. தமிழில் ‘வா’ என்னும் வினைக்குப் படர்க்கை இறந்தகாலத்தில் மட்டும் வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன என ஆறு வடிவங்கள் உள்ளன. எழுவாயை விட்டுவிட்டாலும் வினை அதனைப் பற்றிச் சாட்சி சொல்லும். எழுவாய் தோன்றாமல் நிற்பது தமிழில் இயல்பு. ஆனால் அத்தோன்றாமை மறைப்பாகாது.

ஆங்கிலத்திலும் படர்க்கைப் பெயர் பாலைக் காட்டும் என்பது உண்மை. எனினும் அங்கே ‘கொலையாளி’, ‘யாரோ’, ‘அந்த ஆள்’ என்னும் பொருளுடைய சொற்களை எழுவாயாக வைத்துப் பெயரை மீண்டும் சுட்டாமல் நெடுந்தொலைவு செல்லலாம். தமிழில் ‘கொலையாளி’ என்னும் சொல் உழைப்பாளி, குற்றவாளி என்பன போல இருபாற் பொது. ஆனால் அது முற்றுவினை கொள்ளும்போது அப்பொதுமை குலைகிறது. கொலையாளி வந்தான், வந்தாள், வந்தார் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

‘வந்தார்’ என்பது ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொதுவாகையால் சிக்கல் தீர்ந்தது எனத் தோன்றலாம். இங்கு மதிப்பு என்னும் கூறு தடையாக நிற்கிறது. உயர்வு ஒருமை பாலை மறைக்கும். ஆனால் பேசுபவரின் மனநிலையை வெளிப்படுத்தும். கொலை கண்டு நடுங்கும் ஒருவர் கொலை செய்தவரை ‘-ஆர்’ விகுதியால் சுட்டுவது தமிழ்ச் செவிக்கு இயல்பாக இராது. தமிழ் நாளிதழ் நடையில் குற்றம் செய்தவரை ‘-ஆன்’ விகுதியால் சுட்டும் வழக்கு ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. இன்று ‘கைது செய்யப்பட்டார்’ என்பதே பெருவழக்கு. செய்தி நடையில் நேர்ந்த இம்மாற்றம் அச்சம், சினம் ஆகியவை கலந்த பேச்சுக்குள் முழுமையாக நுழையவில்லை.

இதன் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. தமிழில் விருந்தினர் ‘அவர்’, கொலையாளி ‘அவன்’. இருவரும் ஒருவரே என்பதை ஆங்கிலம் ஒரே படர்க்கைப் பெயருக்குள் மறைத்து வைத்திருக்கிறது. தமிழோ அவ்விருவரையும் இலக்கணத்தாலேயே பிரித்து வைத்துவிடுகிறது. இதனைக் குறையாக மட்டும் கருத வேண்டுவதில்லை. ‘அவர்’ என்று சுட்டப்பட்டு வரும் எவரையும் ‘அவன்’ என்பதனோடு இணைத்துப் பார்க்கக் கேட்பவர் மனம் தயங்கும். தமிழின் மதிப்பு விகுதி, மூலத்தில் இல்லாத திரையொன்றைத் தருகிறது. ஆனால் ‘அவன்’ என்று சுட்டியவுடன் பெண்பாத்திரங்கள் ஐயத்திலிருந்து விடுபட்டுவிடுகின்றனர். கேஸ்வெல் மீது விழும் ஐயத்தை மூலம் கவனமாக வளர்த்திருக்க, ஒரு விகுதி அதனை அழித்துவிடும். ஒரு திரையைத் தரும் அதே வழக்கு மற்றொரு திரையை விலக்கிவிடுகிறது.

5. மறைக்கும் வடிவங்கள்

தமிழ் வினையமைப்பு முழுவதும் வெளிப்படுத்துவதே என்று முடிவு செய்வது பொருந்தாது. பால், எண், இடம் காட்டாத வடிவங்கள் கணிசமாக உள்ளன.

அ) எதிர்மறை: ‘வரவில்லை’ என்னும் வடிவம் எல்லா எழுவாய்க்கும் பொது. கொலையாளி இன்னும் வெளியேறவில்லை என்பதில் பால் இல்லை, மதிப்பும் இல்லை.

ஆ) துணைவினை கொண்ட முடிபுகள்: வரலாம், வரக்கூடும், வரவேண்டும், வரமுடியாது ஆகியவையும் அத்தகையன. ஐயமும் வாய்ப்புமே நிறைந்த மர்ம நாடகத்தில் இவ்வடிவங்கள் இயல்பாகவே மிகுதியும் பயில இடமுண்டு. கொலையாளி இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும் என்னும் தொடர் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.

இ) எச்சங்கள்: வந்து, வந்தால், வந்தபோது என்னும் வினையெச்சங்களும் வந்த என்னும் பெயரெச்சமும் முடிபை ஒத்திப்போட உதவுவன. ‘படியேறி வந்த உருவம்’ என்புழிப் பெயரே அஃறிணையாகிவிடுவதால் பால் மறைகிறது.

ஈ) செயப்பாட்டுவினை: ‘கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்’ என்பதில் விகுதி கொலையுண்டவரைச் சுட்டுகிறது, கொன்றவர் தொடருக்கு வெளியே நிற்கிறார்.

உ) ‘-அது’ ஈற்றுப் பெயர்: மறைப்புக்கு மிகவும் ஏற்ற வடிவம் இதுவே. ‘கொலை செய்தவன் யார்?’ என்பது ஆண்பாலை முன்கொள்கிறது. ‘கொலை செய்தது யார்?’ என்பதில் பால், எண், இடம், மதிப்பு எதுவும் இல்லை. நானா, நீங்களா, அவளா, அவர்களா என்னும் எவ்விடைக்கும் அவ்வினா இடந்தருகிறது. செயற்கையான இலக்கணத் தந்திரம் என்று இதனைக் கருத முடியாது. தமிழர் நாள்தோறும் வினவும் முறையே இது. கதவு தட்டும் ஒலி கேட்டவுடன் ‘யாரது?’ என வினவும் வழக்கில் ஆளைச் சுட்டும் வினாவோடு அஃறிணைச் சுட்டு இணைந்து நிற்பதும் நோக்கத்தக்கது. அறியப்படாத ஆளுக்குத் தமிழ் திணையைக்கூட உடனே வழங்குவதில்லை. அறிமுகம் ஆன பின்னரே அவன், அவள், அவர் என்னும் பகுப்பு தொடங்குகிறது.

இவ்வைந்து வடிவங்களைக் கொண்டு நாடகத்தின் மறைப்பை இயல்பான தமிழில் காக்க இயலும். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. கொலையாளியைச் சுட்டும் இடங்களில் மட்டும் இவ்வடிவங்களைக் கையாண்டு ஏனைய இடங்களில் முற்றுவினைகளைத் தாராளமாக வழங்கினால், மறைப்பே தடயமாகிவிடும். ‘இங்கே மட்டும் ஏன் பால் தவிர்க்கப்படுகிறது?’ என்று கூர்மையான வாசகர் கேட்பார். எனவே பொருட்படுத்த வேண்டாத பிற உரையாடல்களிலும் இவ்வடிவங்கள் விரவி வருமாறு உரை முழுவதையும் அமைத்தல் வேண்டும். மறைப்பு என்பது தொடரளவில் முடிந்துவிடும் செயலன்று. உரையளவில் திட்டமிடப்பட வேண்டியது.

6. நீ, நீங்கள்

ஆங்கில முன்னிலைப் பெயர் ஒன்றே. பணிவு, உரிமை, இகழ்ச்சி ஆகியவற்றை விளிச்சொற்களாலும் குரலாலும் அது வேறுபடுத்துகிறது. தமிழாக்குபவர் பாத்திரங்களின் ஒவ்வோர் இணைக்கும் நீ, நீங்கள் என்னும் இரண்டில் ஒன்றை முதற்பக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

விருந்தினர்களுக்கும் விடுதி நடத்துவோருக்கும் இடையே ‘நீங்கள்’ என்பதில் ஐயமில்லை. விசாரணை செய்யும் சார்ஜண்ட் விருந்தினர்களை ‘நீங்கள்’ என்றே விளிப்பார். அவர்கள் அவரினும் உயர்ந்த வகுப்பினர் என்னும் உணர்வு மூலத்தில் உள்ளது. கிறிஸ்டோபர் ரென் இளையவர், குழந்தைத்தனம் மிக்கவர். மூத்த விருந்தினர்கள் அவரை ‘நீ’ என்று விளிப்பது தமிழ் வழக்குக்குப் பொருந்தும். ஆனால் அவ்வாறு விளித்தவுடன் அவர் ‘சிறுவர்’ என்னும் வகைக்குள் சேர்க்கப்படுகிறார். பண்ணையில் துன்புற்ற பிள்ளைகளுள் ஒருவரோ இவர் என்னும் ஐயத்திற்கு மூலம் தராத வலிமையை அப்பெயர் தந்துவிடுகிறது. வழக்கியல்பும் மர்ம அமைப்பும் இங்கே முரண்படுகின்றன. மர்ம அமைப்பைக் காத்து ‘நீங்கள்’ என்பதையே ஆளுதல் தகும்.

கணவன், மனைவி உரையாடல் இதனினும் நுட்பமானது. மனைவி ‘நீங்கள்’ என்றும் கணவன் ‘நீ’ என்றும் விளிக்கும் வழக்கைப் பின்பற்றினால் மோலி, ஜைல்ஸ் இருவரும் தமிழ்க் குடும்பத்தவராகிவிடுவர். இருவரும் சேர்ந்து சமைத்து, கரி அள்ளி, தரை துடைத்து விடுதி நடத்தும் இணையர் அவர்கள். போருக்குப் பிந்திய பிரிட்டனில் பங்கீடு 1954 வரை நீடித்தது. பெருமனைகளில் வேலையாட்களை வைத்துக்கொள்ளும் வாழ்க்கை பலர்க்குக் கைக்கெட்டாததாயிற்று. அச்சூழலில் உருவான தோழமை அவர்களுடையது. இருபுறமும் ‘நீ’ என்பதே அதற்குப் பொருந்தும். நாடகத்தின் நடுப்பகுதியில் இருவரும் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்குகின்றனர். அப்போது ‘நீ’ என்பதை ‘நீங்கள்’ ஆக மாற்றி விலகலைக் காட்டலாம் என்னும் ஆசை மொழிபெயர்ப்பாளருக்கு எழக்கூடும். அதனை அடக்குவதே நன்று. மூலத்தில் அன்புச் சொற்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்போதே ஐயம் உள்ளே வளர்கிறது. வெளியில் மாறாத சொல்லும் உள்ளே மாறிவிட்ட பொருளும் அக்காட்சிக்கு வலிமை தருகின்றன.

இவற்றினும் முதன்மையான இடம் ஒன்றுண்டு. கொலையாளி வெளிப்படும் கணத்தில், அதுவரை ‘நீங்கள்’ என்று விளிக்கப்பட்டவரை ‘நீ’ என்று விளிக்கலாமா என்பதே அது. ஆங்கிலத்திற்கு அத்தகைய தேர்வே இல்லை. தமிழில் அம்மாற்றம் ஓரசையில் நிகழ்ந்து அரங்கை உலுக்கிவிடும். மூலத்தை விஞ்சிய ஆற்றலும் அதற்கு வாய்க்கும். ஆனால் மாற்றம் வெளிப்பாட்டிற்கு ஒரு தொடர் முந்தினாலும் மர்மம் கெடும். அன்றியும், வெளிப்பட்ட பின் அந்த ஆளை நாடகம் வெறுப்போடு மட்டும் நோக்கவில்லை; நோயுற்ற, வளர்ச்சி நின்றுபோன பிள்ளை மனத்தோடும் பார்க்கிறது. தமிழ் ‘நீ’ இகழ்ச்சிக்கும் உரியது, குழந்தையை அணைக்கும் உரிமைக்கும் உரியது. அவ்விரண்டாவது பொருள் மேலோங்குமாறு ‘நீ’ அமையுமாயின், இலக்கணக் கட்டாயம் என்று தொடங்கியது இலக்கியப் பேறாக முடியும்.

7. உறவுப்பெயரும் தன்வினையும்

ஆங்கில உறவுப்பெயர்கள் மூத்தோர், இளையோர் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தந்தைவழி, தாய்வழி வேறுபாட்டையும் காட்டுவதில்லை. மோலிக்கு வீட்டை விட்டுச்சென்றவர் அத்தையா, பெரியம்மாவா, சித்தியா என்பதைத் தமிழாக்குபவர் முடிவு செய்தாக வேண்டும். கதைக்கு அது தேவையற்றது; எனவே தீங்கில்லை. ஆனால் பண்ணைப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சில் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்னும் தேர்வு பாத்திரங்களின் வயதோடு ஒப்பிடப்படும் தடயமாகிவிடும். உடன்பிறப்பு, கூடப் பிறந்தவர், பிள்ளைகள் என்னும் பொதுச்சொற்கள் இவ்விடத்தில் கைகொடுக்கின்றன.

வினைகளிலும் இத்தகைய தேர்வு உண்டு. தொலைபேசி ஓய்ந்துவிட்டது என்னும் செய்தி மூலத்தில் விபத்தா, சதியா என்று தெளியாமல் நிற்கிறது. ‘கம்பி அறுந்துவிட்டது’ எனத் தன்வினையாக்கினால் பனியின் மேற் பழி விழும். ‘கம்பி அறுக்கப்பட்டிருக்கிறது’ என்றால் ஓர் ஆள் உள்ளே வந்துவிடுவார். அறுந்தது, அறுத்தார், உடைந்தது, உடைத்தார் எனத் தமிழ் வினைகள் பல இணையிணையாக அமைந்து வினைமுதலின் இருப்பைப் பகுத்துக் காட்டுவன. ‘தொலைபேசி வேலை செய்யவில்லை’ என்னும் எதிர்மறையே இங்கு நடுநிலையானது. சறுக்குக் கட்டைகள் மறைந்த செய்திக்கு ‘காணோம்’ என்பது மிகப் பொருத்தம். தொலைந்தனவா, திருடப்பட்டனவா என்பதை அச்சொல் கூறுவதில்லை. ‘நாங்கள் காணமாட்டோம்’ என்னும் தன்மைப் பன்மை எதிர்மறையாக இருந்து உறைந்துபோன அவ்வடிவம், காணாமையைக் காண்போர் மேலேற்றிச் சொல்வது.

‘-ஆம்’ என்னும் இடைச்சொல்லையும் இங்கே சுட்ட வேண்டும். ‘சமையலறையில் இருந்தாராம்’ என்பது பிறர் கூற்று என்பதோடு, சொல்பவர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை என்பதையும் உணர்த்தும். கொலை நேரத்தில் யார் எங்கிருந்தனர் என்னும் விசாரணையில் இவ்விடைச்சொல் ஐயத்தை விதைத்துவிடும். மூலத்தில் ஐயம் இல்லாத இடத்தில் அதனைச் சேர்ப்பது தவறு.

இங்ஙனம் நோக்கும்போது ஒரு நெறி புலனாகிறது. துப்பறியும் கதையாசிரியர் வாசகரிடம் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும், தடயங்களை ஒளித்துவைத்து ஏமாற்றக்கூடாது என்னும் கொள்கை 1920களிலும் 1930களிலும் இங்கிலாந்தில் வலுப்பெற்றது. ரொனால்ட் நாக்ஸ் 1929இல் அதனைப் பத்து விதிகளாக வகுத்தார். 1930இல் தோன்றிய துப்பறியும் எழுத்தாளர் கழகத்தில் கிறிஸ்டியும் உறுப்பினர். இந்நேர்மை மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. மூலம் தராத தடயத்தை மொழிபெயர்ப்பின் இலக்கணம் தரலாகாது. மூலம் தந்த தடயத்தை அது அழிக்கவும் கூடாது.

8. விருந்து, விடுதி, அடைக்கலம்

இதுகாறும் கூறியன மர்மத்தைக் காப்பது பற்றியவை. மர்மம் மட்டும் காக்கப்பட்டால் போதுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

நாடகத்தின் களத்தைக் குறிக்கும் சொல்லே முதல் இடர். ‘விருந்தினர் மாளிகை’ என்றால் தமிழ் வாசகர் மனத்தில் அரசு அலுவலர் தங்கும் கட்டடம் தோன்றும். ‘விடுதி’ என்றால் மாணவர் விடுதியோ பேருந்து நிலையத்து லாட்ஜோ தோன்றும். ‘சத்திரம்’ அறத்தை நினைவூட்டும். தம் வீட்டையே திறந்துவிட்டு, தம் மேசையிலேயே உணவிட்டு, அதற்குப் பணம் பெறும் அமைப்பு இம்மூன்றிலும் அடங்காது. ஆனால் ‘விருந்து’ என்னும் சொல்லின் பழம்பொருள் துணைக்கு வருகிறது. புதுமை என்பதே அதன் அடிப்படைப் பொருள்; தொல்காப்பியம் வனப்பு எட்டனுள் ஒன்றுக்கு விருந்து எனப் பெயரிட்டதும் அப்பொருளில்தான். விருந்தினர் என்போர் புதியவர், முன்பின் அறியப்படாதவர். மோலியின் வீட்டுக்கு வருவோர் அப்பழம்பொருளில் உண்மையான விருந்தினர்கள். யாரென்று அறியாமல் கதவு திறப்பதில் அறமும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் அவ்வறத்தைப் பேசுகிறது. கிறிஸ்டியின் நாடகம் அவ்வச்சத்தைப் பேசுகிறது.

மாங்ஸ்வெல் மேனரையும் லாங்ரிட்ஜ் பண்ணையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாடகத்தின் ஆழம் தெரியும். இரண்டுமே பணம் பெற்றுக்கொண்டு புதியவரை ஏற்கும் வீடுகள். பிள்ளைகளை வளர்ப்புக்கு ஏற்ற குடும்பங்களுக்கு அதிகாரிகள் வாராந்தரப் படி வழங்கினர். ஆங்கில நிர்வாக மொழி விடுதியில் தங்கி உண்பதற்கும் பிள்ளையை வளர்ப்புக்கு விடுவதற்கும் ‘போர்டு’ என்னும் ஒரே சொல்லை வழங்கிற்று. பலகை என்னும் பொருளில் தொடங்கி, உணவு மேசையாகி, உணவாகி, உண்டி உறையுளாக விரிந்த சொல் அது. உணவிடுவதாகப் பணம் பெற்று உணவிடாமல் ஒரு சிறுவனைச் சாகவிட்ட வீட்டின் கணக்கு, உணவிட்டுப் பணம் பெறும் மற்றொரு வீட்டில் தீர்க்கப்படுகிறது. இத்தொடர்பைத் தமிழில் ஏந்த வல்ல சொல் ‘அடைக்கலம்’. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைத்த நாள்முதல் தமிழில் அச்சொல் ஏற்றவரின் பொறுப்பையும் அப்பொறுப்பு தவறினால் நேரும் பேரழிவையும் சுமந்து நிற்கிறது. பண்ணைக்குப் பிள்ளைகள் ‘அனுப்பப்பட்டனர்’ என்று எழுதுவதற்கும் ‘அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டனர்’ என்று எழுதுவதற்கும் வேறுபாடு பெரிது. விடுதிக்கும் அதே சொல் ஓரிடத்திலேனும் வருமாயின் இரு வீடுகளும் கேட்பவர் மனத்தில் இணையும்.

மூலத்தின் குறையும் இங்கேதான் உள்ளது. இறந்த சிறுவன் நாடகத்தில் ஒரு செய்தியாகவே வருகிறான். விந்தை மனிதர்களின் நகைச்சுவையும் ஐயங்களின் விரைவும் அவனை மூடிவிடுகின்றன. ‘யார்’ என்னும் வினா ‘ஏன்’ என்னும் வினாவை விழுங்கிவிடுகிறது. எனினும் கிறிஸ்டி ஒரு சாளரத்தைத் திறந்து வைத்துள்ளார்: அது அக்குழந்தைப் பாட்டு. ‘மூன்று குருட்டு எலிகள்’ 1609இல் தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் தொகுத்த நூலிலேயே அச்சேறிய பழம்பாட்டு. எல்லாக் குழந்தைகளும் பாடும் மெட்டு இங்கே கொலையின் அடையாளமாகிறது. பாட்டுக்கு நிகராகத் தமிழ்க் குழந்தைப் பாட்டொன்றை வைத்துவிட முடியாது. மூன்று என்னும் எண், குருடு, எலி, கத்தி ஆகிய நான்கும் கதையோடு பின்னியவை. தலைப்பும் அவ்வாறே எலியையும் பொறியையும் விடமுடியாதது. ஹாம்லெட் தான் நடிப்பிக்கும் உள்நாடகத்திற்கு இட்ட பெயர் அது. மெட்டை அப்படியே வைத்து, சொற்களை எளிய குழந்தை நடையில் தமிழாக்குவதே வழி. அந்நடையில் வினைகள் ‘ஓடுச்சு’, ‘வெட்டுச்சு’ என அஃறிணை முடிபு கொள்ளும். தமிழில் குழந்தையும் ‘அழுதது’, ‘தூங்கியது’ என்றே சுட்டப்படும். எலிக்கும் குழந்தைக்கும் ஒரே வினைமுடிபு வழங்கும் மொழியில் அப்பாட்டு ஒலிக்கும்போது, மூன்று எலிகள் யார் என்பதைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. தமிழ் முற்றுவினையின் பால், மதிப்பு விகுதிகள் மர்ம நாடகத்தின் மறைப்பைக் குலைக்க வல்லவை. எதிர்மறை, துணைவினை முடிபு, எச்சம், செயப்பாட்டுவினை, ‘-அது’ ஈற்றுப் பெயர் ஆகியவற்றை உரை முழுவதும் விரவவிட்டு அம்மறைப்பை இயல்பான தமிழில் காக்க இயலும்.

2. நீ, நீங்கள் என்னும் வேறுபாடு மூலத்தில் இல்லாத தடயங்களைத் தரக்கூடியது. பாத்திர இணைகளுக்கு முன்கூட்டியே திட்டம் வகுத்து, மாற்றத்தை வெளிப்பாட்டுக் கணத்திற்கு மட்டும் ஒதுக்குதல் வேண்டும்.

3. உறவுப்பெயர், தன்வினை பிறவினை இணைகள், ‘-ஆம்’ இடைச்சொல் ஆகியவற்றின் தேர்வு நடையழகு சார்ந்ததன்று. வாசகரிடம் கொள்ளும் நேர்மை சார்ந்தது.

4. மர்மத்தைக் காப்பதோடு மொழிபெயர்ப்பாளர் பணி முடிவதில்லை. விருந்து, அடைக்கலம், குழந்தைப் பாட்டின் அஃறிணை முடிபு ஆகியவை, மூலம் விரைந்து கடந்துசெல்லும் சிறுவனைத் தமிழில் சற்று நின்று நோக்க வாய்ப்பளிக்கின்றன.

ஆங்கிலத்தில் இல்லாத கட்டாயங்கள் தமிழில் உள்ளமையை மொழிபெயர்ப்பாளர் தடையென்றே எண்ணுவது வழக்கம். அக்கட்டாயங்களுள் சில மூலம் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் வலிமை உடையன. எவற்றை அடக்குவது, எவற்றைப் பேசவிடுவது என்னும் தெளிவு இலக்கண அறிவின் துணையின்றி வாய்க்காது. கொலை செய்தது யார் என்பதைப் பார்வையாளர் பல தலைமுறைகளாகக் காத்துவருகின்றனர். 1945இல் அப்பண்ணை வீட்டில் பசியோடு இருந்தவன் யார் என்பது மறைக்க வேண்டிய செய்தியன்று. நல்ல தமிழாக்கம் முன்னதைக் காத்து, பின்னதைக் கேட்கச் செய்யும்.